ஸ்டுடியோ அக்காவிடம் சொன்ன பொய்

சலவைக் கடையில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வைத்தது முதலாளி. காலையில் கதவு திறந்ததும் ஆரம்பித்தால் மாலையில் பூட்டுகிற வரைக்கும் அவள் வாய் ஓயாது. கை மட்டும் அதுபாட்டுக்குத் துணியைத் தேய்த்துக்கொண்டிருக்கும். காலர், கைமடிப்பு, முதுகு, பட்டன் பட்டை என்று ஒரு சட்டையை முடிப்பதற்குள் ஒரு குடும்பத்தின் கதையையே முடித்துவிடுவாள். "சட்டை யாரு வீட்டுதுன்னு மட்டும் சொல்லு, அந்த வீட்டுல யாரு யாரோட பேசுறதில்லைன்னு நான் சொல்றேன்" என்பாள். வம்புதான், ஆனால் யாருக்கும் வலிக்காத வம்பு. துணியை வாங்க வந்தவர்கள் அரை மணி நேரம் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

அந்த ரேடியோ நின்றுபோனது, அவள் மார்பில் கட்டி வந்த வருஷம். வலது பக்கத்தை முழுசாக எடுத்துவிட்டார்கள். அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்ததால், அந்தக் கையில் இனிமேல் பாரம் தூக்கக்கூடாது, சூடு படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாரமும் சூடும் சேர்ந்ததுதானே இஸ்திரிப் பெட்டி! "அப்போ மீதி என்ன டாக்டர், நான் வாயாலயா தேய்க்கிறது?" என்று கேட்டாளாம். டாக்டர் சிரித்தார். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். முதலாளி நல்ல மனுஷன், வேலையை விட்டு அனுப்பவில்லை. முன்பக்கம் உட்கார்ந்து துணியை வாங்கி அடையாளச் சீட்டு குத்துகிற வேலையைக் கொடுத்தார். கை வீங்காமல் இருக்க, மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் இறுக்கமான உறை ஒன்றை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

வீட்டில் நடந்தது வேறு கூத்து. அவள் புருஷன் பஸ் டிரைவர். அதுவரைக்கும் அடுப்பங்கரை எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத ஆள், ஒரே வாரத்தில் பெரிய வைத்தியர் ஆகிவிட்டார். சர்க்கரை டப்பா காணாமல் போனது. எண்ணெய் காணாமல் போனது. காய்கறியெல்லாம் வெந்நீரில் முங்கிக் குளித்துவிட்டு, உப்பில்லாமல் தட்டில் வந்து உட்கார்ந்தது. "கட்டி அம்மாவுக்கு வந்துச்சு, பத்தியம் வீட்டுக்கே வந்துச்சு" என்று முணுமுணுத்தபடி மகளும் சேர்ந்து தின்றாள். கை தூக்கிப் பழக வேண்டும் என்று டாக்டர் சொன்னதற்கு, அடுப்பங்கரைச் சுவரில் விரல்களை மெல்ல மெல்ல மேலே நகர்த்தச் சொல்லிப் பக்கத்தில் நின்று பென்சிலால் கோடு போடுவார். நேற்றைய கோட்டைவிட இன்றைக்கு ஒரு விரல் உயரம் போய்விட்டால், மனுஷன் பஸ்ஸையே வானத்தில் ஓட்டியது போலக் குதிப்பார். குறை சொல்ல முடியுமா? முடியாது. அதுதான் கஷ்டம்.

ஏனென்றால் அந்த வீட்டில் எல்லாம் இருந்தது, பயப்படுவதற்கு மட்டும் இடம் இல்லை. அவள் முகம் லேசாகச் சுருங்கினால் போதும், "ஒண்ணும் ஆகாது" என்பார் புருஷன். "ஒண்ணும் ஆகாதும்மா, நீ பாசிட்டிவா இரு" என்பாள் மகள். பழத்தைத் தூக்கிக்கொண்டு ஆறுதல் சொல்ல வருகிற கூட்டம் இருக்கிறதே, அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. பாதிப்பேர், தனக்குத் தெரிந்த யாரோ ஒருத்தி இதே வியாதியில் செத்த கதையை விலாவாரியாகச் சொல்லிவிட்டு, "ஆனா உனக்கு ஒண்ணும் ஆகாது" என்று முடிப்பார்கள். தேநீரையும் குடித்துவிட்டுத்தான் போவார்கள்.

இந்தச் சமயத்தில்தான் ஸ்டுடியோ அக்கா வந்து சேர்ந்தாள். கதிர்வீச்சு சிகிச்சைக்குக் காத்திருக்கிற அறையில், நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரையோ பார்க்க வந்த ஒருத்தி, எல்லோரையும் ஒரு பார்வை பார்த்து, "தைரியமா இருங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்று பொதுவாக அருள்வாக்கு சொன்னாள். மூலையிலிருந்து ஒரு குரல், "ஆகலைன்னா நாங்க எதுக்கும்மா இங்க உக்காந்திருக்கோம், சினிமா பாக்கவா?" என்றது. அறை முழுக்கச் சிரிப்பு. அன்றைக்கு ரேடியோ சிரித்த சிரிப்பு, அத்தனை மாசத்தில் முதல் நிஜச் சிரிப்பு.

அந்த மூலைக்காரி, கடைத்தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தாள். பாஸ்போர்ட் படம் எடுப்பதுதான் முக்கியத் தொழில். புருஷன் இல்லை, மகனும் மருமகளும் கூட இருந்தார்கள். வாழ்நாள் முழுக்க முகத்தையே பார்த்துப் பார்த்துப் பழகியவள், அவளிடம் யாரும் பொய்ச் சிரிப்பு சிரிக்க முடியாது. "பல்லு சிரிக்குது, கண்ணு சிரிக்கலையே. மறுபடியும் ஒரு தடவை" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து அதட்டுவாள்.

சிகிச்சை முடிந்த பிறகு இரண்டு பேரும் தினமும் காலையில் பூங்காவில் நடந்தார்கள். நடக்கச் சொன்னது டாக்டர். ஆனால் அவர்கள் நடந்தது டாக்டருக்காக இல்லை. வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் அங்கேதான் கொட்டினார்கள். உடை மாற்றும்போது கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பிக்கொள்வதைச் சொன்னார்கள். உள்ளாடைக்குள் வைத்த பஞ்சு, பஸ்ஸில் நகர்ந்து தோள்பட்டைக்கு வந்துவிட்ட கதையைச் சொல்லி, ரேடியோ பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "புருஷன் பக்கத்துல வந்து படுத்தா, நான் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிறேன் அக்கா. அவர் ஒண்ணும் கேக்க மாட்டேங்கிறாரு. கேட்டுத் தொலைச்சாலாவது நல்லாருக்கும்" என்று ஒரு நாள் அழுதாள். அக்கா கையைப் பிடித்துக்கொண்டு கூட நடந்தாள். ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். "ஒண்ணும் ஆகாதுன்னு நீ என்கிட்ட சொல்லக் கூடாது, நான் உன்கிட்ட சொல்ல மாட்டேன். அதைச் சொல்றதுக்கு ஊரே இருக்கு."

இப்படியே சில வருஷம் போயிற்று. முடி முளைத்தது, கன்னத்தில் சதை வைத்தது, கடையில் ரேடியோ மறுபடியும் பாட ஆரம்பித்தது. வீட்டில் மட்டும் அவள் அளந்துதான் பேசினாள்.

ஒரு மழைக்காலத்தில் அக்காவுக்கு முதுகு வலித்தது. நடக்கும்போது அடிக்கடி நின்றாள்.

"இன்னைக்கு இதோட போதும்டி" என்று பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அட, ஸ்டுடியோல உக்காந்து உக்காந்து முதுகு துருப்பிடிச்சுப் போச்சு. நடந்தாதான் விடும். எந்திரிங்க, இன்னும் ஒரு சுத்து!" ரேடியோ கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நடந்தாள். அந்த வாரம் முழுக்க இப்படித்தான் நடந்தது. சோம்பேறி என்று கிண்டல் வேறு செய்தாள்.

அதற்கப்புறம் அக்கா வரவில்லை. போன் செய்தால் மகன் எடுத்தான். "எலும்புக்குப் போயிடுச்சு அத்தை. முதுகெலும்புல. ரொம்ப நாளாவே இருந்திருக்கும்னு சொல்றாங்க" என்றான்.

ரேடியோவுக்குக் கை கால் ஓடவில்லை. எலும்பை நோய் அரித்துக்கொண்டிருந்த முதுகோடு ஒருத்தியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பூங்காவைச் சுற்றியிருக்கிறாள்! உடனே போக வேண்டும், போய்க் காலைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் என்றுதான் தோன்றியது. வீட்டில் விடவில்லை. "உனக்கே செக்கப் வருது. இப்போ போய் அதைப் பார்த்து மனசைக் கெடுத்துக்காத. முடிஞ்சதும் நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார் புருஷன். மகளும் அதையே சொன்னாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம். தடுத்தது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்தக் கட்டிலில் கிடப்பதைப் பார்த்தால் அது அக்காவாகத் தெரியாது, தானாகத்தான் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். போன் அடித்தால் எடுக்கக் கை வரவில்லை. இரண்டு தடவை ஸ்டுடியோ இருக்கிற தெரு முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

கடைசியில் மகனே கடைக்கு வந்தான். "அம்மா உங்களைத்தான் கேட்டுட்டே இருக்காங்க அத்தை" என்றான். அவன் முகத்தைப் பார்த்த முதலாளி, அவள் கையிலிருந்த சீட்டுக் கட்டை வாங்கி வைத்துக்கொண்டு, "போயிட்டு வாம்மா" என்றார்.

ஸ்டுடியோவுக்கு மேலேதான் வீடு. ஜன்னலோரம் கட்டிலைப் போட்டிருந்தார்கள். அக்கா பாதியாகியிருந்தாள். மருமகள் தலையணையைச் சரிசெய்துவிட்டு வெளியே போனாள். வழியெல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டு வந்த மன்னிப்பைக் கேட்காமலே ரேடியோ கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"வந்துட்டியா" என்றாள் அக்கா. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "இங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டே வராங்கடி. மகன் சிரிக்கிறான், மருமக சிரிக்கிறா, ஊசி போட வர்ற பொண்ணும் சிரிக்கிறா. எனக்கு ரொம்ப பயமா இருக்கு. நீ சொல்லு. நான் போகப் போறேன்தானே?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவளை வரச்சொல்லியிருந்தாள். பதில் இரண்டு பேருக்குமே தெரியும். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கூட உட்கார்ந்து அழுதிருந்தால் போதும். ஆனால் ரேடியோவின் வாய் வேறு வேலை பார்த்தது.

"சேச்சே, என்ன பேச்சு இது! நல்லாத்தான் இருக்கீங்க. ஒண்ணும் ஆகாது அக்கா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அக்கா அவள் முகத்தையே பார்த்தாள். எத்தனையோ ஆயிரம் முகத்தைப் பார்த்த கண். கோபப்படவில்லை. "சரிம்மா. நேரமாச்சு, நீ கிளம்பு. பஸ் போயிடும்" என்றாள். அத்தனை வருஷமும் அவளிடம் 'டி' போட்டுத்தான் பேசியிருந்தாள். அன்றைக்குத்தான் யாரோ வாடிக்கையாளரை அனுப்புவது போல 'அம்மா' போட்டாள்.

பஸ்ஸில் வரும்போதே ரேடியோவுக்கு உறைத்தது. பாவி, அவ கேட்டது ஒரே ஒரு வார்த்தை, அதைக்கூடக் குடுக்க முடியலையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நாளைக்குச் செக்கப் முடிந்ததும் நேராக அங்கே போவது, பொய்தான் சொன்னேன் என்று ஒத்துக்கொள்வது, அக்கா பேசுகிறதையெல்லாம் உட்கார்ந்து கேட்பது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கூட்டம். ரிப்போர்ட் வர மத்தியானம் ஆகிவிட்டது. சுத்தமாக இருக்கிறது, ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். புருஷன் வாசலில் நின்ற காவலாளி கையைக்கூடப் பிடித்துக் குலுக்கினார். "வீட்டுக்குப் போலாம்" என்றவரை, "முதல்ல ஸ்டுடியோவுக்கு" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பள்ளிக்கூட அட்டைக்குப் படம் எடுக்கப் பிள்ளையோடு வந்த ஒருத்தி, வெளியே தயங்கி நின்றாள். "இன்னைக்கு இல்லைங்க. அந்தம்மா விடியக்காலையில தவறிட்டாங்களாம்" என்றாள். மாடிப்படியில் செருப்புகள் குவிந்திருந்தன.

அன்றைக்கு அங்கே வந்தவர்களில் நாலைந்து பேர், கண்ணைத் துடைத்துக்கொண்டு ரேடியோவிடம் வந்து, "நீ பயப்படாத, உனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களை என்ன சொல்ல? அவளும் நேற்று அதைத்தானே சொன்னாள்.

காரியமெல்லாம் முடிந்து இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம். மகள் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. புருஷன் காய் வேகவைத்துத் தட்டில் போட்டு அவள் முன்னால் வைத்தார். "சாப்பிடு. ரிப்போர்ட்தான் நல்லா வந்துடுச்சே. இனிமே என்ன?" என்றார்.

அவள் தட்டைத் தொடவில்லை.

"எனக்கு பயமா இருக்குங்க" என்றாள். "ரிப்போர்ட் நல்லா வந்தாலும் பயமா இருக்கு. முதுகு வலிச்சா பயமா இருக்கு, தலை வலிச்சா பயமா இருக்கு. அக்கா மாதிரி நானும் போயிடுவேன்னு இருக்கு. தயவுசெஞ்சு இப்போ எதுவும் சொல்லிடாதீங்க."

அவர் வாயைத் திறந்தார், மூடினார். கரண்டியைக் கீழே வைத்தார். எதிரே இருந்த நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார்.

"எனக்கும்தான்" என்றார்.

"என்ன?"

"எனக்கும் பயம்தான். நீ தூங்கும்போது மூச்சு வருதான்னு பாத்துட்டுதான் தூங்குறேன்."

"எப்ப இருந்து?"

"ஆபரேஷன் ஆன நாள்ல இருந்து."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீ தைரியமா இருந்தியே. நான் சொல்லி அதைக் கெடுக்கணுமான்னு இருந்தேன்."

"நான் எங்கங்க தைரியமா இருந்தேன்?" என்றாள் அவள். "நீங்க தைரியமா இருக்கீங்கன்னுதானே வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன்."

அவர் தோள் குலுங்கியது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது அவள் பார்த்ததில்லை. பெரிய கைகளால் முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை போலச் சத்தம் போட்டு அழுதார். அவள் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, உறை போட்ட கையை அவர் முதுகில் வைத்துக்கொண்டாள். அழாதீங்க என்று அவள் சொல்லவில்லை.