எழுதாமல் விட்ட மஞ்சள் அட்டை

திருவள்ளூரில் பொறியியல் படித்தபோது, கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணிக்கு நான் கேப்டன். தொடரில் முதல் இரண்டு ஆட்டங்களில் தோற்று, அடுத்த மூன்றில் வென்று, தட்டுத்தடுமாறி அரையிறுதிக்கு வந்தோம். இரண்டு மஞ்சள் அட்டை வாங்கியவர் அடுத்த ஆட்டத்தில் ஆடக்கூடாது. அந்தக் கணக்கை என் நோட்டில்தான் எழுதுவேன்.

அரையிறுதிக்கு முன் கோல்கீப்பர் ஸ்டெல்லா என்னிடம் வந்தாள்.

"அக்கா, எனக்கு ரெண்டு கார்டு ஆயிடுச்சே. இன்னிக்கு நான் வெளியதானே?"

"நோட்டுல ஒண்ணுதான்டி இருக்கு. சும்மா பேஜார் பண்ணாத, போய் க்ளவுஸ் மாட்டு."

வென்றோம். உடனே எதிரணி புகார் செய்தது. போன ஆட்டத்தில் அவள் வாங்கிய அட்டையை, ஜெயித்த குஷியில் நான் எழுத மறந்திருந்தேன். வெற்றி ரத்தானது.

"இன்னாம்மா, தெரிஞ்சேவா ஆடுன?" என்று உடற்கல்வி ஆசிரியர் ஸ்டெல்லாவிடம் கத்தினார். அவள் என்னைப் பார்த்தாள்.

"என்கிட்ட இவ சொல்லவே இல்ல சார்" என்றேன்.

ஸ்டெல்லா க்ளவுஸைக் கழற்றினாள். அவளை அணியிலிருந்து நீக்கினார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த இடம் என்பதால் அவள் படிப்பும் நின்றது.

இப்போது தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பொறியாளராக இருக்கிறேன். பிசகு நேர்ந்தால் யார் செய்தது என்று விசாரிப்பது என் வேலை. அதைக் கேட்க எனக்கு என்ன தகுதி என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.