பின்னால் தறி இல்லை

தறிகளை எடைக்குப் போட்ட அன்று நாங்கள் எல்லோரும் பட்டறைக்குப் போயிருந்தோம். வேலைக்கு இல்லை. பார்க்கத்தான். பழைய இரும்பு எடுக்கிறவர்கள் சம்மட்டியால் அடித்து உடைத்து லாரியில் ஏற்றினார்கள். தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அன்றைக்கு வெளியே காக்கை கத்தியது உள்ளே கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகிற இடத்தில் சிரிக்கிறாளே என்று பார்த்தார்கள். எனக்கும் காரணம் தெரியவில்லை.

எடப்பாடிப் பக்கம் எங்கள் ஊர். நானும் என் வீட்டுக்காரரும் ஒரே பட்டறையில் விசைத்தறி ஓட்டினோம். ஆளுக்கு நான்கு தறி. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நடுவில் ஆள். முன்னால் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். பின்னால் நூல் அறுந்திருந்தால் தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்டு, ஓடவிட வேண்டும். மறுபடி திரும்ப வேண்டும். கல்யாணமான வருசத்திலிருந்து அப்படித் திரும்பிக்கொண்டே இருந்தேன். என் தறிகளுக்குப் பின்னால் அவருடைய தறிகள். நான் சாப்பிடப் போனால் என்னுடையதையும் அவரே பார்த்துக்கொள்வார்.

முதலாளி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கணக்கு முடித்தார். எங்கள் முறை வந்தது. அவர் பையைத் திறந்தார். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். கொட்டகை ஓரத்தில் குட்டியானை நின்றது. பட்டறைக்கு நூலும் தறியில் மாட்டுகிற பாவு நூல் உருளையும் ஏற்றி வந்த சின்ன லோடு வண்டி. அதை ஓட்டியவர் போர் போடுகிற ரிக் லாரிக்கு டிரைவராகத் திருச்செங்கோட்டுக்குப் போய்விட்டார். அதிலிருந்து அப்படியே நின்றது. சக்கரத்தில் கோவைக்கொடி ஏறியிருந்தது.

"ஏனுங்க, எங்க ரெண்டு பேரு கணக்குக்கும் அந்த வண்டியக் குடுத்துருங்க" என்றேன்.

வாய்தான் சொன்னது. நான் அதற்கு முன்னால் யோசித்திருக்கவில்லை. முதலாளி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார், ஒரு கண்ணால். இன்னொரு கண்ணில் பார்வை இல்லை. ஒருமுறை தறியில் குறுக்கே பாய்கிற நாடாக்கட்டை தெறித்து வந்து பட்டது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவருக்கு லைசென்ஸ் கிடைக்காது. அது முதலாளிக்கும் தெரியும்.

"ஆரு அம்மிணி ஓட்டறது?"

"நாந்தானுங்க."

நான் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. அதுவும் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் வண்டியைச் சுற்றி நடந்தார். பேச்சு குறைந்த மனிதர். நானும் அப்படித்தான். சுற்றி முடித்துவிட்டு, "ஏம்புள்ள, வண்டிக்கு எத்தன சக்கரம்னாச்சும் தெரியுமா?" என்றார்.

"நாலு. பாத்துட்டுத்தான் கேட்டேன்."

அவர் கொடியை அறுக்க ஆரம்பித்தார்.

வண்டி கிளம்பவில்லை. தள்ளித்தான் கொண்டுவந்தோம். வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார். பட்டறைப் பெண்கள் பின்னால் தள்ளினார்கள். நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுக்கிற என் கூட்டாளி ஒருத்தி இருந்தாள். எனக்கு வாய் இல்லாத குறையை அவள்தான் தீர்த்துக்கொண்டிருந்தாள். தெரு நெடுக, சாமி வருது, எந்திரிச்சு நில்லுங்க என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தாள். பேக்கரியில் உட்கார்ந்திருந்த ஒருவர், டீசல் தீர்ந்துபோச்சுங்களா என்று கேட்டார்.

"டீசல் இருக்குதுங்க, டிரைவருதான் இல்ல" என்றாள்.

முக்கு வீட்டுக்காரம்மா ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு முன்னால் ஊற்றினார். விளையாட்டுக்கு ஊற்றினாரா, பக்தியில் ஊற்றினாரா, அவருக்கே தெரிந்திருக்காது. தள்ளுகிறவர்கள் அந்த ஈரத்தில் வழுக்கினார்கள். சிரித்த சிரிப்பில் யாருக்கும் தள்ளத் தெம்பு இல்லை. வண்டி தெரு நடுவில் நின்றது. பின்னால் பஸ் வந்து ஹாரன் அடித்தது.

பயம் மறுநாள் விடிந்த பிறகுதான் வந்தது. வாசலில் வண்டி நின்றது. கூரைமேல் கோழி. நாங்கள் இரண்டு பேரும் இத்தனை வருசம் நின்று உழைத்தது அந்தக் கோழிக்கு அடியில் இருந்தது. நான் ஓட்டக் கற்றுக்கொள்ளாவிட்டால் அதுவும் தறி போன லாரியில்தான் போகும்.

காலையில் கார்மெண்ட்ஸ் கம்பெனி வேன் வந்தது. பட்டறைப் பெண்கள் பாதிப் பேர் அதில் ஏறிவிட்டார்கள். பிசிறு வெட்டுகிற வேலை. உட்கார்ந்தபடி செய்யலாம். ஒரு சீட்டு காலியாக இருக்கிறது, வா என்று கூப்பிட்டார்கள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அப்படியே தினமும் சொன்னேன். வேனும் தினமும் எங்கள் வாசலில் ஒரு நிமிடம் நின்று போனது.

டிரைவிங் பள்ளியில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு பெண். கல்யாணமாகாத வயது. நான் அவளைச் சாமி என்பேன். அவள் என்னை அக்கா என்பாள். எல்எல்ஆர் எடுத்தோம். அதில் படம் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். ஐந்தாவது வரை படித்தவளுக்குப் படம் பார்க்கத் தெரியும்.

கார் ஓட்டுவது கஷ்டமாக இல்லை. கியர் இடது கைப்பக்கம் இருந்தது. தறியை நிறுத்துகிற பிடியும் எனக்கு இடது கைப்பக்கம்தான். கால் சொன்னபடி கேட்டது. கழுத்துதான் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் தானாகப் பின்னால் திரும்பியது. முழுசாகத் திரும்பியது. நான் திரும்பினால் காரும் ஓரத்துக்குப் போனது. கண்ணாடி எதற்கு இருக்கிறது என்று அந்தப் பெண் காட்டினாள். கண்ணாடியையும் பார்த்தேன், பின்னாலும் பார்த்தேன். ஒருநாள் மரவள்ளிக் காட்டுக்குள் முன்சக்கரத்தை இறக்கிவிட்டேன். அவள் பக்கம் இருந்த பிரேக்கை மிதித்து நிறுத்தினாள். என்னையே பார்த்தாள்.

"அக்கா, நீங்க தறி ஓட்டுனவங்களா?"

"ஆமாஞ் சாமி."

"எங்கம்மாவும் இப்பிடித்தானுங்க. சோறாக்கறப்பக்கூட திரும்பித் திரும்பிப் பாப்பாங்க." பிறகு மெதுவாகச் சொன்னாள். "அக்கா, பின்னால தறி இல்லீங்க."

அவள் சொன்ன பிறகுதான் நான் செய்வது எனக்கே தெரிந்தது. மரவள்ளிக் காட்டுக்குள் காரை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம். காட்டுக்காரர் வந்து ஜன்னலில் தட்டும்வரை சிரித்தோம்.

தெரிந்துவிட்டால் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை.

டெஸ்டுக்கு நானும் வீட்டுக்காரரும் கூட்டாளியும் ஆர்டிஓ மைதானத்துக்குப் போனோம். எட்டுப் போட வேண்டும். ஆபீசர் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் வளைவு நன்றாக வந்தது. இரண்டு வளைவும் சேருகிற இடத்தில் கழுத்து திரும்பிவிட்டது. ஊன்றியிருந்த கம்பு கீழே விழும் சத்தம் கேட்டது. யாரைம்மா தேடுகிறீர்கள் என்று ஆபீசர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவரும் பின்னால் திரும்பிப் பார்த்தார். இன்னொரு நாள் வரச் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பும்போது வாய் ஓயாத கூட்டாளியே பேசவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை சோற்றுப் போசியோடு வாசலில் நின்றேன். வேன் வந்தது. கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒரு கை நீண்டது. நான் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன்.

அப்போது வீட்டுக்காரர் உள்ளேயிருந்து துண்டால் முகம் துடைத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராகக் குட்டியானையின் பின்பக்கம் ஏறினார். கோழியைத் துரத்தினார். லோடு ஏற்றுகிற இடத்தில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"ஏனுங்க, அங்க என்ன பண்றீங்க?"

"பின்னால இருக்கறத நான் பாத்துக்கறேன்" என்றார். "நீ முன்னால பாரு."

பட்டறையில் நான் சாப்பிடப் போகும்போது சொல்கிற அதே பேச்சு. அதே தோரணை. வேனுக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் காலை எடுத்துவிட்டேன். வேன் போய்விட்டது. வண்டியை ஓட்ட ஆள் வரச் சாயங்காலம் ஆகும் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நான் போசியைத் திறந்து அவருக்கும் சோறு கொடுத்தேன்.

மெக்கானிக் ஏற்கனவே பேட்டரி மாற்றிக் கொடுத்திருந்தார். சாயங்காலம் அந்தப் பெண் வந்து குட்டியானையை ஏரிக்குள் ஓட்டிப் போனாள். ஏரியில் தண்ணீர் இல்லை. நடுவில் வெறும் தரை. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் பின்னால், பின்பக்கம் பார்த்தபடி. வண்டியை எடுத்தேன். கழுத்து நமநமவென்றது. திரும்புவதற்குள் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"பின்னால ஒண்ணுமில்ல."

கொஞ்சம் போனேன். மறுபடி கழுத்து.

"ஒரு எரும நிக்குது." பிறகு, "அதும் போயிருச்சு."

எனக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. சிரிப்பில் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக ஒடித்துப் பிடித்துக்கொண்டேன். வண்டி வட்டம் போட்டது. நேராக்குங்க அக்கா என்றாள் அவள். முதலில் எனக்கு நேராக்கத் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. ஆனாலும் நேராக்கவில்லை. கருவேல மரம் சுற்றியது. சங்ககிரி மலை சுற்றியது. ஆடு மேய்க்கிறவர் சுற்றினார். தறிக்கு நடுவில் நானே அத்தனை வருசம் சுற்றியவள். அன்றைக்கு நான் உட்கார்ந்த இடத்தில் இருந்தேன், மற்றதெல்லாம் சுற்றியது. பின்னாலிருந்து தகவல் வருவது நின்றுபோனது. அப்போதுதான் பிரேக் போட்டேன்.

வீட்டுக்காரர் இறங்கினார். நான்கு அடி கோணலாக நடந்து தரையில் உட்கார்ந்துகொண்டார். சாராயத்தைத் தொடாத மனிதர்.

"எட்டுப் போடச் சொன்னா பூச்சியம் போடறா" என்றார் அந்தப் பெண்ணிடம்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு நிறுத்திவிட்டு, "அக்கா, ரெண்டு பூச்சியத்த ஒட்ட வெச்சாப் போதுங்க. அது எட்டுத்தான்" என்றாள்.

இரண்டாவது தடவை டெஸ்டுக்குப் போனபோது வீட்டுக்காரர் எதுவும் சொல்லவில்லை. கார் கிளம்புகிற இடத்துக்குப் பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் அங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் பார்க்க வேண்டியதில்லை. கூட்டாளி எதிரே கம்பி வேலிக்கு வெளியே நின்றாள். ஏரியில் நடந்ததையெல்லாம் அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

அதே ஆபீசர். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு பூச்சியம் போட்டேன். இரண்டும் ஒட்டுகிற இடம் வந்தது. கழுத்து நமநமவென்றது. அப்போது நேர் எதிரே கூட்டாளியின் வாய் அசைந்தது. தறிச் சத்தத்தில் நாங்கள் யாரும் தொண்டையைத் திறந்து பேசியதில்லை. உதட்டை அசைத்தால் போதும், பட்டறையின் அந்தக் கோடியிலிருந்து புரிந்துகொள்வோம். மைதானம் என்ன பெரிய தூரம். ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது.

ஒரு எரும நிக்குது. அதும் போயிருச்சு.

எனக்கு உடம்பு குலுங்கியது. குலுங்கிய குலுங்கலில் அந்த இடத்தைத் தாண்டிவிட்டேன். இரண்டாவது பூச்சியமும் முடிந்தது. கை நிற்கவில்லை. மூன்றாவதை ஆரம்பித்துவிட்டேன்.

"போதும்மா, நிறுத்துங்க" என்றார் ஆபீசர். "எதுக்குச் சிரிக்கறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். நான் கதவைத் திறந்து இறங்கினேன். மைதானம் இன்னும் சுற்றுவதுபோல இருந்தது. கூட்டாளி வேலியைத் தாண்டப் பார்த்துப் புடவையைக் கம்பியில் மாட்டிக்கொண்டாள். வீட்டுக்காரர் போய் எடுத்துவிட்டார்.

முதல் லோடு எங்கள் முதலாளியே சொல்லி அனுப்பியது. அவருக்குத் தெரிந்த ஒரு பட்டறை, இன்னும் தறி ஓடுகிறது. அங்கே பாவு கொண்டுபோய்ப் போட வேண்டும். பாவு உருளைகளை ஏற்றினோம். அவை உருளாமல் பிடித்துக்கொள்ள வீட்டுக்காரர் பின்னால் ஏறினார். பழையபடி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

ரோடு நேராகக் கிடந்தது. இரண்டு பக்கமும் சோளம். ஜன்னலில் காற்று வந்து முந்தானையை முகத்தில் அடித்தது. எதிரே கம்பெனி வேன் வந்தது. உள்ளே எல்லோரும் தூக்கம். ஹாரனை அழுத்தினேன். அவர்கள் விழித்துப் பார்ப்பதற்குள் தாண்டிவிட்டேன்.

பட்டறைக்குத் திரும்புகிற மண் பாதை வந்தது. வீட்டுக்காரர் பின்னாலிருந்து கூரையைத் தட்டினார். சத்தம் கேட்டால் இடது கை தானாக நிறுத்தப் போகும், அதுதான் என் வழக்கம். அன்றைக்குப் போகவில்லை. மறுபடி தட்டினார். பாதை தாண்டிப் போய்விட்டது. கண்ணாடியில் அவர் முதுகு மட்டும் தெரிந்தது. காற்றில் சட்டை உப்பியிருந்தது. நான் அப்படியே போனேன்.

புளியமரம் ஒன்று வந்தது. அங்கே ஓரங்கட்டினேன். அவர் இறங்கி என் ஜன்னல் பக்கம் வந்தார். தலையெல்லாம் புழுதி.

"தட்டுனது கேக்கலியா?"

"கேட்டுதுங்க."

அவர் முன்னால் போகிற ரோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பின்னால் போய் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"சரி, திருப்பு" என்றார். "பாவ எறக்கிப் போட்டுட்டு, மறுக்கா இப்பிடியே வரலாம்."