ஸ்டீபன் அண்ணன் பாட்டுக்குள் விட்டுப்போன இடம்

ஸ்டீபன் அண்ணன் போயிட்டார்.

காலையில் ஆபீஸ் பஸ்ஸில் இருந்தபோது அவர் மனைவி ரீட்டா அக்காதான் போன் பண்ணினார். "அண்ணன் இல்லப்பா" என்றார். அடுத்த மூச்சில், "நாளைக்குக் கல்லறையில அந்தப் பாட்ட வாசிச்சிடுங்க."

நானும் சரி என்றுவிட்டேன். பாட ஆள் இல்லை என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது...

தெரியாதவர்களுக்கு... அண்ணன் எங்கள் கல்யாண பேண்டின் பாடகர். பகலில் லேத் பட்டறை, சாயங்காலம் மைக். நான் அவர் பக்கத்தில் சாக்ஸபோன்.

அந்தப் பாட்டு, அமெரிக்கக் கறுப்பின மக்களுடைய பழைய ரிதம் அண்ட் ப்ளூஸ். நாங்கள் யாரும் பிறக்காத காலத்துப் பாட்டு. அதற்கு ஒரு இங்கிலீஷ் பேர் இருக்கிறது, நம்ம கன்டோன்மென்ட் பக்கம் யாரும் அதைச் சொல்வதில்லை. "ஸ்டீபன் பாட்டு" என்றால் போதும், பெருசுகள் எல்லாம் முட்டிவலியை மறந்து எழுந்துவிடும்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது எப்போதோ அலுத்துவிட்டது. எத்தனை ரிசப்ஷன்... முடித்துவிட்டு பிரியாணி பக்கம் ஒதுங்கலாம் என்றால் "அண்ணா, இன்னொந்து சல!" என்று ஒரு கூட்டம் கன்னடத்தில் கத்தும். மறுபடியும் அதே பாட்டு. அண்ணன் மட்டும் ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை.

அவர் அதைக் கற்றுக்கொண்டது சிவாஜிநகர் பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு ரெக்கார்டில் இருந்து. நடுவில் ஒரு கீறல். ஊசி அந்த இடத்தைத் தாண்டிவிடும். அண்ணனும் அப்படியே தாண்டித்தான் பாடுவார்.

ஜனங்களும் அப்படியே ஆடப் பழகிவிட்டார்கள். அந்த இடம் வந்தால் மாப்பிள்ளை பெண் உட்பட மொத்த ஹாலும் ஒரு சின்னக் குதி குதிக்கும்.

ஒருமுறை வெளியூர் பேண்ட் ஒன்று அதைச் சரியாக வாசித்துத் தொலைத்தது. குதித்தவர்கள் எல்லாம் ஒருவர் காலை ஒருவர் மிதித்து... ஒரு அங்கிள் மேடைக்கே போய், "யோவ், தெரியலன்னா வுட்ருங்கய்யா, ஏன் கெடுக்கிறீங்க?" என்றார். விருந்தாளியாக வந்திருந்த அண்ணன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கீறல் முழுங்கியது சாக்ஸபோன் பீஸ் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பாடுகிறவர் சும்மா நிற்க, சாக்ஸ் மட்டும் தனியாக வரும் இடம். "என் சான்ஸையே முழுங்கிட்டீங்களேண்ணே" என்றேன். "ஜனங்க பழகிட்டாங்க, வுடுப்பா" என்றார்.

ரீட்டா அக்கா எல்லா ரிசப்ஷனுக்கும் வருவார். ஸ்பீக்கர் பக்கம் ஒரு சேர், மடியில் அண்ணனுக்கு வெந்நீர் பிளாஸ்க். ஊரே அந்தப் பாட்டுக்கு ஜோடி ஜோடியாக ஆடும், அக்காவின் ஜோடி மேடையில் பாடிக்கொண்டிருக்கும். யாராவது ஆடக் கூப்பிட்டால், "அவரு எறங்கட்டும்" என்பார்.

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு நேராக ஒக்கலிபுரம் வீட்டுக்குப் போனேன். அண்ணனுக்கு மேடைக் கோட்டைப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். "பாட ஆள் இல்லக்கா, மொத்தத்தையும் நான் சாக்ஸ்லயே வாசிச்சிடறேன்" என்றேன்.

"மொத்தமும் வேணாம்ப்பா. அவரு தாண்டிப் போவாரே... அந்த பீஸ மட்டும் வாசி."

அண்ணனின் கோட்டுக் காலரைச் சரிசெய்துகொண்டே அக்கா கேட்டார். "அது இருந்திருந்தா அவருக்கு அங்க வேல இல்லல்ல? எறங்கி வந்திருப்பாருல்ல?"

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது வீட்டில் உட்கார்ந்து அதைப் பழகிக்கொண்டிருக்கிறேன். சின்ன பீஸ்தான். பாதியிலேயே மூச்சு வாங்குகிறது... அழுகையும் வருகிறது.

நாளைக்கு மதியம் அடக்கம். வர முடிந்தவர்கள் வாருங்கள்.

மைக்கை வச்சிட்டுப் போங்கண்ணே. நாங்க பாத்துக்கறோம்.