எடைப் பட்டியலில் மூன்று காலி நாள்

வைஜெயந்திக்குப் பத்தொன்பது வயது. விடிவதற்கு முன்பே அம்மா பாக்கியலட்சுமியோடு மரக்காணம் உப்பளத்தில் இறங்கி, உச்சி வெயில் ஏறும்வரை உப்பு வாருவாள். சாயங்காலம் கபடி. எங்கள் ஊர் பெண்கள் டீமில் ரெய்டுக்குப் போனால் பாயிண்ட் இல்லாமல் திரும்பாதவள் அவள் ஒருத்திதான்.

இருபது வயதுக்கு உட்பட்ட டீமில் அறுபத்தைந்து கிலோவுக்கு மேல் இருந்தால் ஆட விடமாட்டார்கள். நூறு கிராம் கூடினாலும் வெளியேதான். நவம்பர் வந்தால் அவளுக்கு இருபது முடிந்துவிடும். அதனால் ஜூன் ஏழாம் தேதி விழுப்புரத்தில் நடக்க இருந்த மாவட்ட செலக்‌ஷன்தான் அவளுக்குக் கடைசி.

நான் பிளஸ் டூ முடித்துவிட்டு, உப்பு பாக்கெட் போடும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அங்கே மூட்டை நிறுக்கும் எடை மெஷின் இருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் வைஜெயந்தி தினமும் அதில் ஏறி நிற்பாள். வரும் எண்ணைப் பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கச் சொன்னாள். எழுதினேன்.

மே மாதம் திண்டிவனத்தில் ஒரு டோர்னமெண்ட். அதற்கு இரண்டு நாள் முன்பு அறுபத்தைந்து புள்ளி ஆறு காட்டியது. அவள் பயந்துபோய் சோற்றை விட்டாள். கஞ்சித் தண்ணீர் மட்டும் குடித்தாள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் வெயிலில் மயக்கம் வரக்கூடாதென்று கஞ்சியில் ஒரு கை உப்பு கூடவே போட்டுக் குடிப்பார்கள். அவளும் அப்படித்தான் குடித்தாள். கடைசி நாள் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. அவ்வளவு பட்டினி கிடந்தும் திண்டிவனத்தில் அறுபத்தாறு காட்டியது. வெளியே அனுப்பிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"பட்டினின்னு சொல்லிட்டு பரோட்டா கடையில கணக்கு வெச்சிருக்கா போல," என்றாள் பூஜா. பூஜா எங்கள் டீமில் வெளியே உட்காரும் மாற்று ரெய்டர்; திண்டிவனத்துக்குப் பேர் கொடுத்த ஏழு பேரில் அவள் இல்லை.

கோச் சடையப்பன் சிரிக்கவில்லை. அவர் மீன் வண்டி ஓட்டுகிறவர். சொந்த டீசல் போட்டு எங்களை மேட்சுக்குக் கூட்டிப்போகிறவர். "வாயக் கட்ட முடியலன்னா முன்னாடியே சொல்லிடணும். ஒரு ஆள் கம்மியா ஆடித் தோத்தோம்," என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவளை முதல் ரெய்டுக்கு அவர் அனுப்பவில்லை.

ஜூன் நான்கு, வியாழக்கிழமை. மெஷினில் அறுபத்தாறு புள்ளி ஒன்று. அவள் இறங்காமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்த மெஷின் ரிப்பேர்தான?"

"காலையில இருந்து மூட்டை சரியாத்தான் நிக்குது."

நோட்டை எடுத்து எழுதப் போனபோதுதான் நான் அந்தப் பக்கத்தை முழுதாகப் பார்த்தேன். ஏப்ரல் ஒன்பது, அறுபத்தைந்து புள்ளி ஒன்பது. அடுத்த மூன்று நாள் காலி. பதின்மூன்றாம் தேதி அறுபத்து நான்கரை. மே மாதமும் அப்படியே. திண்டிவனத்தில் காட்டிய அறுபத்தாறுக்குப் பிறகு மூன்று நாள் காலி, பிறகு அறுபத்து நான்கு புள்ளி ஆறு.

அந்த மூன்று நாள் ஏன் காலி என்று எங்கள் இருவருக்கும் தெரியும். வீட்டுக்குத் தூரமான நாளில் பாத்திப் பக்கம் போனால் உப்பு பூக்காது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். கொட்டகைக்கு வர வேண்டுமென்றால் பாத்திகளுக்கு நடுவே கரைமேல்தான் வர வேண்டும். அதனால் அந்த நாட்களில் அவள் வீட்டைவிட்டு நகரமாட்டாள்.

போனில் தேடிப் படித்தோம். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் சிலருக்கு உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்குமாம். ஒன்றிரண்டு கிலோகூட ஏறலாம். அது கொழுப்பு இல்லை. நாள் வந்தபின் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும். உப்பு அதிகம் சேர்த்தால் தண்ணீர் இன்னும் தங்கும். எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காது என்றும் போட்டிருந்தது.

"நாளைக்கு வரணும் எனக்கு," என்றாள். "அப்ப ஞாயித்துக்கிழமை மூணாவது நாள்."

மூன்றாவது நாளில் எடை என்ன இருக்கும் என்று நோட்டில் தேடினோம். அந்த இடம்தான் காலி.

அன்று சாயங்காலம் கிரவுண்டில் சடையப்பன் எல்லோரையும் உட்கார வைத்தார். "சனிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள பேர் குடுக்கணும். வைஜெயந்தி எடத்துல பூஜா."

பூஜா தலையைக் குனிந்து ஷூ கயிற்றை இழுத்துக் கட்டினாள். வைஜெயந்தி எழுந்தாள்.

"மாஸ்டர், இது தின்னு ஏறின எடை இல்ல. எனக்கு பீரியட்ஸ் வரப்போவுது. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு மாசமும் ஏறுது. வந்ததும் எறங்குது. இலக்கியா எழுதி வெச்சிருக்கா."

சடையப்பன் தன் வண்டி டயரைப் பார்த்தார். யாரோ களுக்கென்று சிரித்து உடனே நிறுத்தினார்கள்.

"இதெல்லாம் எங்கிட்ட ஏம்மா சொல்றே?"

"பேர் குடுக்குறது நீங்கதான. வேற யார்கிட்ட சொல்றது?"

நான் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். காலி இடத்தில் விரல் நின்றது.

"மூணாவது நாள் எவ்ளோ இருக்கும்?"

"தெரியாது மாஸ்டர்."

"தெரியாதத நம்பி எப்படிம்மா பேர் குடுப்பேன்? திருப்பி அனுப்பிட்டான்னா மறுபடியும் ஆறு பேரோட ஆடணும்."

"சனிக்கிழமை எடை பாத்து சொல்றேன். அது வரைக்கும் கொஞ்சம் பொறுங்க."

அவர் சரி என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் பேர் கொடுக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை அவளுக்கு வந்துவிட்டது. அவள் பட்டினி கிடக்கவில்லை. சோறு சாப்பிட்டாள். உப்பைக் குறைத்தாள். ஊறுகாயையும் கருவாட்டையும் தொடவில்லை. தாகம் எடுத்தபோதெல்லாம் தண்ணீர் குடித்தாள். நடுவில் எனக்கு போன் செய்து, "தண்ணி குடிக்கவே பயமா இருக்குடி," என்றாள்.

சனிக்கிழமை பதினொன்றரை. கொட்டகை வாசலில் சடையப்பன் கையில் போனோடு நின்றார். வைஜெயந்தி கரைமேல் வருவது தெரிந்தது. இரண்டு பக்கமும் பெண்கள் வாரிக்கொண்டிருந்தார்கள். பாக்கியலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். உப்பு வாரும் பலகையைப் பிடித்தபடியே கரையேறி மகளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வூட்டுக்குப் போ."

"எடை பாத்துட்டுப் போயிடுறேம்மா."

"நாளைக்கு உப்பு பூக்கலன்னா ஊரே என் மூஞ்சிக்கு நேரா கேக்கும்டி."

"பாத்தியில எறங்கலம்மா. கரையிலதான் நடக்குறேன். பன்னெண்டு மணிக்கு பேர் போயிடும்."

வாரிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். பாக்கியலட்சுமி அவர்களைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு ஒரு காலைப் பாத்திக்குள் வைத்து, அவள் போக வழி விட்டாள். வாய் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

மெஷினில் அறுபத்தைந்து புள்ளி மூன்று.

"இன்னும் முந்நூறு கிராம்," என்றார் சடையப்பன். "ரெயின்கோட் போட்டு ஒரு மணி நேரம் ஓடு. வேர்வையில போயிடும்."

"ஓட மாட்டேன் மாஸ்டர். போன தடவை தண்ணி குடிக்காம நின்னதுல கண்ணு இருட்டிச்சு. அப்புறம் ரெய்டு எப்படிப் போறது?"

"எறங்கலன்னா?"

"எறங்கலன்னா நான் போயிடுறேன். இனிமே கேக்க மாட்டேன்."

ரெண்டு நாளில் எண்ணூறு கிராம் இறங்கியிருக்கிறது என்று நான் சொன்னேன். அவர் நோட்டைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தார். போனைக் காதில் வைத்துப் பெயர்களைச் சொன்னார். ஐந்தாவது பெயர் வைஜெயந்தி. அவள் முகம் தெளியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் திரை கட்டிய ஓர் அறையில் எடை போட்டார்கள். உள்ளே ஒரு பெண் அதிகாரி மட்டும். நான் திரை ஓரத்தில் அவள் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் வயிற்றில் கை வைத்தபடி ஏறினாள். எண் அறுபத்தைந்து புள்ளி இரண்டுக்குப் போனது. அங்கேயே ஆடியது.

"ஆடாம நில்லும்மா," என்றார் அதிகாரி.

அவள் கையை எடுத்துவிட்டு மூச்சை விட்டாள். அறுபத்து நான்கு புள்ளி ஒன்பதில் நின்றது. அதிகாரி எழுதிக்கொண்டு, "அடுத்த ஆள்," என்றார்.

வெளியே வந்ததும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு நான்கு இட்லி சாப்பிட்டாள். வயிற்றுவலியோடுதான் ஆடினாள். ஒரு ரெய்டில் மாட்டிக்கொண்டாள், மற்றதிலெல்லாம் பாயிண்ட் கொண்டு வந்தாள். மாவட்ட டீம் பட்டியலில் கடைசிப் பெயராக அவள் பெயரைப் படித்தார்கள்.

திரும்பும் வழியில் சடையப்பன் வண்டி ஓட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "மத்த பொண்ணுங்களுக்கும் எழுதி வை. எங்கிட்ட காட்ட வேணாம். பேர் குடுக்குறதுக்கு முன்னாடி, யாரை ரெண்டு நாள் பொறுக்கணும்னு மட்டும் சொல்லு."

பின்னால் உட்கார்ந்திருந்த பூஜா, "எனக்குத்தான் மொதல்ல," என்றாள்.