கனமான பேண்ட்

இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. இரண்டு பனிச்சறுக்குப் பேண்ட்டுகளையும் ஏற்றி இறக்கி எடை பார்த்துக்கொண்டு சேஃப்டி ஆபீசர் எங்கள் கடையில் நின்ற சனிக்கிழமை மத்தியானம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்கள் ஊருக்குக் கம்பளிப் போர்வை வாங்குவது இப்படித்தான். நிறம், பூ எல்லாம் பிறகு. முதலில் தூக்கிப் பார்க்க வேண்டும். கை இறங்கினால் நல்ல சரக்கு. விமான நிலையத்தில் பெட்டி எடை கூடினால் சட்டைகளை உருவி எறிவோமே தவிரப் போர்வையை எறிய மாட்டோம்.

துபாய் மால் ஒன்றில், செயற்கைப் பனிச்சரிவுக்குப் பக்கத்துக் கடையில் நான் விற்பனையாளன். அதற்கு முன் ஐந்து வருடம் அல் ஐனில் ஒரு கட்டட சைட்டில் ஸ்டோர் கீப்பர். அங்கே அவர்தான் சேஃப்டி. தூத்துக்குடிக்காரர். ஹெல்மெட் வார் மாட்டாதவனை கேட்டிலேயே திருப்பி அனுப்புவார். அவரைத் திட்டாத ஆள் கேம்ப்பில் கிடையாது, என்னையும் சேர்த்துத்தான். ஆனால் அவர் இருந்த வரை எங்கள் சைட்டிலிருந்து ஒருவரும் சவப்பெட்டியில் ஊருக்குப் போகவில்லை.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் மாலுக்குள் சறுக்கப் பழகியவருக்கு நிஜ மலை ஆசை வந்துவிட்டது. ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரோடு ஜார்ஜியா போகிறார். "ரெண்டு நாளு லிஃப்ட்ல ஏறிச் சறுக்குதோம். மூணாவது நாளு கைடு கூட்டிட்டுப் போறாரு, ஆளில்லாத பக்கம், நடந்தே மேல ஏறணும். எல்லாத்துக்கும் ஒரே பேண்ட் போதும்லா?"

பதில் எனக்குத் தெரியும். தடித்தது பஞ்சு வைத்துத் தைத்தது. கம்பியில் தொங்கி மலையேறும் லிஃப்ட் நாற்காலியில் உட்கார்ந்து போகிறவருக்கு. மெல்லியது காற்றையும் பனியையும் தடுக்கும், தொடையோரம் ஜிப்பைத் திறந்தால் சூடு வெளியே போகும். குளிருக்கு உள்ளே தனியாக ஒன்று போட்டுக்கொள்ளலாம். ஏறுகிற உடம்பு கொதிக்கும், வேர்க்கும். வேர்வையைப் பஞ்சு குடித்து வைத்துக்கொள்ளும். நடை நின்றதும் அந்த ஈரம்தான் எமன். டிரெயினிங்கில் சொல்லித்தந்தார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அதற்கு முன்பே எனக்கு இதைச் சொன்னவர் அவர்தான். "ஏலே, சட்டைய மாத்திட்டு ஏசி பஸ்ல ஏறு. ஈரத்தோட உக்காந்தா வெறச்சுப் போயிருவ" என்று தினமும் சாயங்காலம் கத்துவார்.

அதே மனிதர் மெல்லியதை விரலால் தேய்த்துப் பார்த்துச் சிரித்தார். "என்னடே, குடைத்துணி மாதிரி இருக்கு?" தடித்ததைத் தோளில் போட்டுக்கொண்டார். "நடக்கவும் இது ஆகும்லா?"

"மாஃபி முஷ்கில் சார்" என்றேன்.

ஒரு பிரச்சினையும் இல்லை என்று அர்த்தம். இங்கே இஞ்சினியரிடமும் அதுதான், விசா கொடுத்த முதலாளி கஃபீலிடமும் அதுதான், போனில் அழுகிற மனைவியிடமும் அதுதான். கடையில் கூட்டம், சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பலநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சும்மா. ஐந்து வருடம் என்னைத் திருத்தியவரைத் திருத்த எனக்கு நாக்கு எழவில்லை.

அவர் போனபின் மெல்லியதை மடித்து வைக்கும்போது தொடை ஜிப்பில் கை பட்டது. கிளம்ப இன்னும் எட்டு நாள் இருக்கிறதே, நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எட்டு நாளும் அப்படியே நினைத்தேன். ஒருமுறை மெசேஜ் அடித்துவிட்டு அழித்தேன். விற்றதைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லும் விற்பனையாளன் உலகத்தில் உண்டா என்று பயம்.

மலையேறும் நாளன்று பதினொரு மணிக்குப் படம் வந்தது. சிவந்த முகம், திறந்துவிட்ட ஜாக்கெட், பின்னால் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. கீழே எழுதியிருந்தார்: "வேர்த்து ஊத்துது டே. நம்ம சைட் மாதிரியே இருக்கு."

"சார், எங்கயும் நிக்காதீங்க, கீழ இறங்கிருங்க" என்று எழுதினேன். அது அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. மேகம் இறங்கி வழி மறைந்துவிட்டதாம். கைடையும் சேர்த்து நாலு பேரும் ஒரு பாறை மறைவில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். மற்ற மூவரும் நடுங்கினார்கள், பிழைத்தார்கள். "இவரு பேண்ட் பலகை மாதிரி வெறச்சு நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல பேச்சு குழற ஆரம்பிச்சுது, அப்புறம் நின்னுபோச்சு" என்று கூடப் போன நண்பர் போனில் சொன்னார். அவரே சவப்பெட்டியில் ஊருக்குப் போனார்.

இப்போதெல்லாம் தடித்ததைத் தூக்கி எடை பார்க்கிறவரைக் கண்டால் விடுவதில்லை. அரை மணி நேரமானாலும் நின்று பேசுகிறேன். புது சூப்பர்வைசர் என்னை வாத்தியார் என்று கூப்பிடுகிறார். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. பேசவேண்டிய இடங்கள் இரண்டு எனக்கு வாய்த்தன, இரண்டிலும் நான் வாத்தியாராக இல்லை.

இரண்டாவது, சேஃப்டி ஆபீசரின் மனைவி கடைக்கு வந்தபோது. எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தனியாகத்தான் வந்தார். பேண்ட்டுகள் தொங்கும் பக்கம் பார்க்காமல் கேட்டார். "தம்பி, ஒங்ககிட்ட கேட்டுத்தான் வாங்குனேன்னு அவரு சொன்னாரு. அந்தப் பேண்ட்ல ஏதும் குறை இருந்துச்சா?"

"பேண்ட்ல குறை இல்லக்கா."

"அப்ப தப்பு அவருதுதான்" என்றார். "ஊருக்கெல்லாம் சொன்ன மனுசன், தனக்குன்னு வரும்போது கவனிக்காம விட்டுட்டாரே."

ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன்.