மெசியே எல்பாசின் பத்துப் பேர்

நான் மொன்றியலில் ஒரு யூதப் பெடியள் பள்ளிக்கூடத்தில் பதினாறு வருசமாகக் கூட்டித் துடைக்கிறன். அங்கே வேதம் படிப்பிச்சவர் மெசியே எல்பாஸ், மொரோக்கோக்காரர். மெசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. கை நீட்டமாட்டார், கத்தவும் மாட்டார். "பயத்திலை செபிக்கிறவன் பயம் போனவுடனை விட்டிடுவான், வின்சன்ட்" என்பார்.

போன ஐப்பசியில் அவரின் தாய் செத்துப்போனா. அவையின் முறைப்படி மகன் பதினொரு மாசம் அதுக்கென்று ஒரு செபம் சொல்லவேணும். பதின்மூன்று வயது தாண்டின யூத ஆம்பிளையள் பத்துப் பேர் கூடினால்தான் சொல்லலாம். பின்னேரச் செபத்துக்கு வீட்டடித் தொழுகைக்கூடம் போவார். காலமைச் செபத்தைப் பள்ளிக்கூடத்தில் ஏழு மணிக்கு வைத்தார். விரும்பின பெடியன் வரட்டும், தானாகப் பழகட்டும் என்று.

எட்டுப் பெடியள் வந்தாங்கள். அவரோடை ஒன்பது. ஆக்களை ஒண்டு, இரண்டு என்று எண்ணக்கூடாதாம். பத்துச் சொல்லுள்ள வேதவசனமொன்றை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்பார். கடைசிச் சொல்லுக்கு ஆள் இராது. தாயின் செபத்தை விட்டிட்டு மிச்சத்தைச் சொல்லுவார்.

"நான் தொப்பி போட்டு நிக்கட்டே, மெசியே?"

"வேண்டாம். பாப்பரசர் என்னோடை கோவிப்பார்."

எனக்குப் பொறுக்கேல்லை. மன்னாரில் எங்களைப் பூசைக்கு அனுப்பினது சிஸ்டரின் வரவுக் கொப்பிதான். வராதவனுக்கு முழங்காலில் நிற்கிற தண்டனை. நாங்கள் கும்பிடப் பழகினது அப்படி. நேரே பள்ளிக்கூட அதிபரிட்டைப் போய்ச் சொல்லிப்போட்டன்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து செபம் கட்டாயம். வராட்டில் புள்ளி வெட்டு. நாற்பது பெடியள். பாதி நித்திரை, பாதி ஃபோன். மெசியே தாயின் செபத்தைச் சொல்ல, "ஆமென்" சத்தம் வெளி நடை முழுக்கக் கேட்டுது. எனக்கு ஒரே சந்தோசப் புளுகம்.

வெளியே வந்து கேட்டார்: "நீரே அதிபருக்குச் சொன்னது?"

"ஓம். ஆள் சேர்ந்திட்டுதுதானே, மெசியே."

"எட்டுப் பேர் தாங்களா வந்தவங்கள், வின்சன்ட். இனி அவங்களும் புள்ளிக்கு வாறவங்கள்தான்."

திரும்ப அதிபரிட்டை ஓடினன். "நல்லாத்தானே நடக்குது" என்று அனுப்பிவிட்டார்.

கோடை விடுமுறை முடிய, தாய் தகப்பன்மார் முறைப்பாடு வைத்ததால் கட்டாயத்தை எடுத்தார்கள். மெசியேக்கு இன்னும் இரண்டு கிழமைச் செபம் மிச்சம். முதல்நாள் ஏழு மணிக்குக் கதவைத் திறந்துவிட்டன். அந்த எட்டுப் பேரும் இன்னும் அங்கேதான் படிக்கிறாங்கள். ஒருத்தனும் வரேல்லை. ஏழரை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுவரைப் பார்த்துத் தனியச் செபிக்கத் தொடங்கினார். நான் வாசலில் நின்றன். உள்ளே போக முகம் இல்லை.