கடாரத்தில் விட்டுவந்த துடுப்புக்காரன்

முதல்முறை ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குப் போனபோது என் முன்னால் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். "ஐயோ, எதுக்குக்கா இதெல்லாம்" என்று நம் ஊர் மரியாதைக்குச் சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்துவிட்டேன். உள்ளே துணியில் சுற்றிய ஒரு தடித்த புத்தகமும் நாலைந்து அந்துருண்டைகளும் இருந்தன. அக்கா சிரித்த சிரிப்பில் எனக்கு முகம் சிவந்துவிட்டது. கோலசிலாங்கூரின் ஈரக்காற்று காகிதத்தைச் சும்மா விடாது. அதனால் இங்கே ரப்பர் தோட்டத்துப் பழைய வாசகர்கள் புத்தகத்தை டின்னில்தான் வைப்பார்கள். மன்னார்குடியில் எங்கள் வீட்டில் புத்தகம் ஜன்னல் கட்டையிலும் அரிசி மூட்டை மேலும் கிடக்கும். பத்திரப்படுத்த வேண்டிய பொருள் என்று யாரும் நினைத்ததில்லை.

என் கணவர் இந்த நாட்டுக்காரர். செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் பேச ஆளில்லாமல் தவித்த எனக்குக் கிடைத்த ஒரே கூட்டம் ஸ்டெல்லா அக்காவுடையது. மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்து மத்தியானச் சாப்பாடும் ஆனபிறகு, அவர் வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் சேருவோம். இப்போது என்ன படிக்கிறோம் என்று ஒவ்வொருவரும் சொல்லவேண்டும். பிடித்த ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசிக்கவும் வேண்டும். சுங்கை பெசாரிலிருந்து வரும் முனியாண்டி அண்ணன் லோரி ஓட்டி ஓய்ந்தவர். ஒரு துப்பறியும் கதையை மூன்று மாதமாகப் படிக்கிறார். முடிந்துவிடுமே என்று கடைசி இருபது பக்கத்தைத் தொடுவதில்லை. மற்றவர்கள் எல்லாம் சரித்திரக் கதைப் பைத்தியங்கள். நானும்தான். ஆனால் நான் தஞ்சாவூர்ச் சீமைக்காரி என்ற மிதப்பு எனக்குக் கொஞ்சம் கூடுதல். சோழர்கள் என்னவோ எங்கள் பெரியப்பா பிள்ளைகள் மாதிரி பேசுவேன்.

அந்த டின்னில் இருந்தது, கடாரத்தின் மேல், அதாவது நான் வாழவந்த இதே கரை மேல், சோழர்கள் படையெடுத்து வந்த ஒரு தொடர்கதை. வாரப் பத்திரிகையில் வந்ததை வெட்டித் தைத்த தொகுப்பு. ஸ்டெல்லா அக்காவின் அப்பா ரப்பர் மரம் சீவியவர். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், படித்து முடித்த பத்திரிகையை வாங்கிவந்து, சாயங்காலம் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து வாசலில் எல்லாருக்கும் உரக்க வாசிப்பாராம். வாளி கழுவும் சத்தம்கூட அப்போது கேட்காதாம். ஒரு வாரம் பத்திரிகை வரவேயில்லை. அப்பா பக்கத்துத் தோட்டத்துக்கு நடந்துபோய், அங்கே இருந்த பிரதியைப் பார்த்துக் கையால் எழுதிவந்து வாசித்தாராம். அந்தப் பழுப்புத் தாள்களையும் தொகுப்பில் சேர்த்துத் தைத்திருந்தார்.

ஒரு ஞாயிறு அக்கா வாசித்தது அந்தத் தாள்களைத்தான். மாறன் என்று ஒரு துடுப்புக்காரன். படை திரும்பும்போது காய்ச்சலோடு கடாரக் கரையில் கிடக்கிறான். பாஷை தெரியாத ஒருத்தி அவனுக்குக் கஞ்சி ஊற்றுகிறாள். பிழைத்து எழுந்து காடு வெட்டுகிறான். பல வருஷம் கழித்து நாகப்பட்டினத்துக் கப்பல் வருகிறது. ஒரு குலை வாழைப்பழத்தோடு கரைக்கு ஓடுகிறான், மாலுமிகளுக்குக் கொடுக்கிறான், ஏறாமல் திரும்பி வந்துவிடுகிறான். அக்கா ஒவ்வொரு வரியாக நிறுத்தி வாசித்தார். தன் மகனுக்கே மாறன் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார். நானோ வேறொன்றில் மாட்டிக்கொண்டிருந்தேன். கதையில் மாறனை மண்டோர், அதான் ரப்பர் தோட்டத்துக் கங்காணி, அதட்டி வேலை வாங்குகிறார்!

என் வாய் இருக்கிறதே, அதைச் சொல்லவேண்டும். "சோழர் காலத்துல ஏதுக்கா மண்டோரு? இந்த அத்தியாயமே கதையில கிடையாது. புத்தகமா வந்தத நான் மூணு தடவ படிச்சிருக்கேன்."

"எங்கப்பா பார்த்து எழுதினதும்மா."

"அவரே சொந்தமா அளந்து விட்டிருப்பாரு" என்று சொல்லிச் சிரித்தேன். கூடச் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா தொகுப்பை மூடி, துணியைச் சுற்றி, டின்னில் வைத்து மூடினார். "தே தண்ணி ஆறுது, குடிங்க" என்றார். அடுத்த மாதம் கூட்டம் இல்லை என்று முனியாண்டி அண்ணன் மூலம் சேதி வந்தது. அதற்கடுத்த மாதமும் இல்லை. முன்பெல்லாம் சந்தையில் எதிரே பார்த்தால் அக்கா "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்காமல் போகமாட்டார். இப்போது மீன் விலையைக் கேட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த ஊரில் என்னை வா என்று கூப்பிட்ட முதல் வீடு அது.

நான் சொன்னது சரிதானா என்றாவது பார்ப்போம் என்று, மன்னார்குடியில் இருக்கும் தம்பியிடம் எங்கள் வீட்டுப் புத்தகத்தில் அந்தப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். சரிதான். புத்தகத்தில் அந்த இடத்தில் வெற்றி ஊர்வலம் நடக்கிறது. யானை, முரசு, பூமாரி. ஆனால் அதற்கு முந்தைய அத்தியாயத்தின் கடைசியில் ஓர் இடம் கண்ணில் பட்டது. காய்ச்சலில் கிடந்த மாறனைக் கரையில் இறக்கிவிட்டுக் கப்பல்கள் புறப்பட்டன என்று அரை வரி. அவ்வளவுதான். பிறகு அவன் பெயர் எங்குமே இல்லை. மூன்று தடவை படித்தேனே, மூன்று தடவையும் ஊர்வலத்தைப் பார்க்கும் அவசரத்தில் அவனைத் தாண்டிப் போயிருக்கிறேன். அதை இந்தக் கரையில் உட்கார்ந்து படித்தபோது வெட்கமாக இருந்தது.

மறுநாளே அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"இன்னும் என்னாம்மா பாக்கி? எங்கப்பா பொய்யின்னு ஆயிருச்சுலா."

"தப்பு என்னுதுக்கா. புத்தகம் அந்த ஆள அரை வரியில விட்டுட்டுப் போயிடுச்சு. உங்கப்பா விடல." கைப்பேசியை நீட்டினேன்.

அக்கா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். "லயத்துப் பொம்பளைங்க எல்லாம் அழுதாங்கம்மா. மாறன் என்னா ஆனான், மாறன் என்னா ஆனான்னு அப்பாவ நச்சரிச்சு எடுத்துட்டாங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு." கண்ணைத் துடைத்தார். "அதான் எழுதிட்டாரு போல. பாவி மனுசன், எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்." பிறகு சிரிப்பும் வந்துவிட்டது. "அந்த மண்டோர மட்டும் பேனாவால அடிச்சிரலாமா?"

"கை வச்சிடாதீங்கக்கா!" என்று கத்தினேன். பிறகுதான் உள்ளே கூப்பிட்டார்.

போன விடுமுறைக்கு மன்னார்குடி போனபோது, அந்த அத்தியாயத்தை என் கையால் எழுதி எடுத்துப்போனேன். தம்பியின் புத்தகத்தில் ஊர்வலத்துக்கு முன்னால் செருகி வைத்தேன். அவன் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, யாரு மண்டோரு?" என்று கேட்டான். "படிடா, தெரியும்" என்றேன். தாள்கள் கொஞ்சம் தடிமன். புத்தகம் இப்போது சரியாக மூடுவதில்லை. அம்மா அதன்மேல் அம்மிக் குழவியைக்கூட ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தாள். குழவியை எடுத்ததும் அட்டை மறுபடி எழும்பிக்கொண்டது, மாறன் இருந்த இடத்தில்.